ஓடும் லாரியை வானத்திலிருந்து பிடிக்கலாம்... நிற்கும் லாரியை?

திருவொற்றியூரிலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மேற்கே மணலிப் பக்கம் போனால் சாத்தாங்காடு வரும். பாரிமுனை சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவருவதற்காக சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகு அங்காடி இங்கேதான் இருக்கிறது. கம்பி, தகடு, சுருள் என்று டிரெய்லர்களில் வந்து இறங்கும். கிழக்கே கடலோரம் எண்ணூர் விரைவுச் சாலை. அதன் தெற்கு முனையில் ராயபுரத்தைத் தாண்டி சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூரில் 2001-ல் தொடங்கிய காமராஜர் துறைமுகம். இரண்டுக்கும் இடையில் கன்டெய்னர் லாரிகள். ஓடுகிற லாரிகளை விட நிற்கிற லாரிகளை அதிகம் பார்த்துப் பழகிய ஊர் இது.

இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இப்பல்லாம் சாட்டிலைட்ல எல்லாத்தையும் பாத்துனு இருக்காங்கபா. எந்த வண்டி எங்க போவுதுன்னு மேலருந்தே தெரியும்."

தெரியுமா? பாதி தெரியும். அந்தப் பாதி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேமராவும் ராடாரும்

வானத்துக் கண் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கேமரா. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், மேகம் இருக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையை மூடிக்கிடந்த மேகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சாதாரண செயற்கைக்கோள் படம் எடுத்தால் வெள்ளைப் பஞ்சுதான் கிடைக்கும்.

ராடார் வேறு ரகம். அது தானே ரேடியோ அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுப் படம் வரைகிறது. ராத்திரி, மேகம், மழை எதுவும் பெரிய தடை இல்லை. ஆனால் ஒரு சிக்கல். 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் அலையைக் கொண்டு ஒரு லாரி அளவுள்ள பொருளைப் பிரித்துப் பார்க்க, பல கிலோமீட்டர் நீளமுள்ள ஆன்டெனா வேண்டும். அதை யார் வானத்துக்குக் கொண்டுபோவது?

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. போகிற வழியெல்லாம் சின்ன ஆன்டெனாவால் எதிரொலிகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்தால், அது பறந்து வந்த தூரம் முழுவதும் ஒரே பெரிய ஆன்டெனா இருந்தது போன்ற படம் கிடைத்துவிடும். 1978-ல் அமெரிக்கா அனுப்பிய சீசாட் என்ற கோள், வெறும் மூன்று மாதச் சொச்சமே வேலை செய்தாலும், இது விண்ணிலிருந்து நடக்கிற காரியம் என்று காட்டிவிட்டுப் போனது.

இந்தத் தந்திரத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எதிரொலிகளைச் சேர்க்கும் அந்த நேரத்தில் தரையில் இருப்பது எதுவும் அசையக் கூடாது. பழைய போட்டோ ஸ்டூடியோவில் "அசையாதீங்க" என்பார்களே, அதே கதை. ஸ்டூடியோவில் ஒரு குழந்தை அசைந்தால் முகம் கலங்கிப்போகும், அவ்வளவுதான். ராடாரில் அசைந்தால் அந்தக் குழந்தை வேறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலப் படம் வரும்!

சாலையை விட்டு இறங்கும் லாரி

எப்படி? எதிரே வரும் லாரியின் ஹாரன் சத்தம் நம்மைத் தாண்டும் வரை கூர்மையாகவும், தாண்டிய பிறகு மந்தமாகவும் கேட்கும். ராடாரும் இதே விதியைத்தான் நம்பியிருக்கிறது. தான் பறக்கும் திசையில் ஒரு பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, எதிரொலியின் அதிர்வெண் கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்தே தீர்மானிக்கிறது. பொருளே ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டமும் அதிர்வெண்ணை மாற்றும். ராடாருக்கு அது தெரியாது. இடத்தைத் தப்பாகப் போட்டுவிடும்.

சாத்தாங்காட்டையே கணக்காக எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக ஒரு சாலை. அதில் ஒரு டிரெய்லர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 10 மீட்டர். ராடார் கோள்கள் பெரும்பாலும் துருவத்திலிருந்து துருவத்துக்கு, ஏறத்தாழ வடக்கு தெற்காகப் பறந்தபடி, பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பவை. சாய்வாகப் பார்ப்பதால் அந்த 10 மீட்டரில் சுமார் 6 மீட்டர் வேகம்தான் ராடாரை நோக்கியோ அதை விட்டு விலகியோ இருக்கும். கோளிலிருந்து லாரி வரை தூரம் 650 கிலோமீட்டர் என்று வையுங்கள். அந்தத் தூரத்தை 6-ஆல் பெருக்கி, கோளின் வேகமான நொடிக்கு 7,600 மீட்டரால் வகுத்தால் வருவது சுமார் 500 மீட்டர். ஆக, சாலையில் போகும் டிரெய்லர் படத்தில் அரை கிலோமீட்டர் வடக்கிலோ தெற்கிலோ, யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருக்கும்.

ராடார் படங்களைப் பார்ப்பவர்கள் இதைத் தண்டவாளத்தை விட்டு ஓடும் ரயில் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கடலில் கப்பலுக்கும் இதே கதிதான். கப்பல் ஓரிடத்திலும், அது தண்ணீரில் கிழித்த தடம் இன்னோரிடத்திலும் தெரியும்.

பிழையாகத் தொடங்கிய இதையே பிறகு கருவியாக்கிவிட்டார்கள். சாலை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தெரியும். லாரி எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று அளந்தால், அதன் வேகத்தைத் திருப்பிக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் முதலில் அந்தப் புள்ளி ஓடும் லாரிதான், வீட்டுத் தகரக் கூரை இல்லை என்று தெரிய வேண்டுமே? அதற்கு ஆன்டெனாவை முன்பாதி பின்பாதி என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறார்கள். முன்பாதி பார்த்த அதே இடத்திலிருந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரத்தில், பின்பாதியும் பார்க்கிறது. இரண்டு படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் அசையாததெல்லாம் அழிந்துபோகும். அசைந்தது மட்டும் மிஞ்சும். வாரப் பத்திரிகையில் வரும் ஆறு வித்தியாசங்கள் போட்டி மாதிரிதான். என்ன, இந்தப் போட்டியில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். நம் டிரெய்லர் அந்த நேரத்துக்குள் ராடாரை நோக்கி அவ்வளவுதான் நகர்ந்திருக்கும். அதைக்கூடப் பிடித்துவிடுகிறார்கள். 2007-ல் விண்ணுக்குப் போன ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் போன கனடாவின் ராடார்சாட்-2 இரண்டும் இந்த வழியில் தரையில் ஓடும் வண்டிகளைக் கண்டுபிடித்துக் காட்டின. மனித மூளைக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும்.

எது தெரியாது?

இப்போது மறுபக்கம். ராடாரை நோக்கி வரும் அல்லது விலகும் வேகம்தான் அதற்குத் தெரியும். கோள் வடக்கு தெற்காகப் பறக்கிறது, எண்ணூர் விரைவுச் சாலையும் கடலை ஒட்டி ஏறத்தாழ வடக்கு தெற்காகப் போகிறது. அந்தச் சாலையில் போகும் லாரி ராடாரை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. கொஞ்சம் கலங்கித் தெரியுமே தவிர, ஓடும் வண்டி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வடசென்னையின் மிக முக்கியமான லாரிச் சாலை, இந்தக் கண்ணுக்கு மிகவும் சங்கடமான திசையில் கிடக்கிறது.

இரண்டாவது, மெதுவாக ஊர்கிற வண்டி. வேகம் குறையக் குறைய அதன் எதிரொலி தரையின் எதிரொலிக்குள் கரைந்துவிடும். மூன்றாவது, நிற்கிற வண்டி. அதை இந்த முறை பார்க்காது என்பதோடு, வேண்டுமென்றே அழித்தும் விடும். கழித்தலில் முதலில் காணாமல் போவது அதுதான். ராடார் பொறியாளர்கள் அசையாதவற்றின் எதிரொலியைக் குப்பை என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள்.

நான்காவது, நேரம். தாழ்வான பாதையில் பறக்கும் கோள் ஓர் ஊருக்கு மேல் சில நிமிடங்களில் கடந்துவிடும். டெராசார்-எக்ஸ் 11 நாளுக்கு ஒருமுறைதான் அதே பாதைக்குத் திரும்பும். சாலையை நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு கோள் போதாது, ஒரு கூட்டமே வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு என்ன செலவாகும் என்ற கேள்வியில் அமெரிக்காவே தடுமாறியிருக்கிறது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் படை வண்டிகளை ஜேஸ்டார்ஸ் என்ற ராடார் விமானம் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதே வேலையை விண்ணிலிருந்து செய்யலாம் என்று டிஸ்கவரர்-2 என்ற திட்டம் போட்டார்கள். முதலில் இரண்டு கோள்களை விட்டுச் சோதிப்பது, பிறகு 24 கோள்கள் என்பது யோசனை. 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பணம் தர மறுத்து அதை மூடிவிட்டது. அடுத்து வந்த விண்வெளி ராடார் திட்டமும் செலவுக் கணக்கில் மாட்டி 2008-ல் நின்றது. ஜேஸ்டார்ஸ் விமானங்கள் 2023-ல் ஓய்வு பெற்றன. இப்போது அமெரிக்க விண்வெளிப் படை மறுபடியும் அதே முயற்சியில் இறங்கியிருக்கிறது.

இந்தியாவின் கணக்கைப் பார்க்கலாம். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்கு ஐந்து மாதம் கழித்து, 2009 ஏப்ரல் 20 அன்று இஸ்ரேல் ராடாருடன் ரிசாட்-2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இந்தியாவிலேயே செய்த ராடாருடன் ரிசாட்-1, 2012-ல். பிறகு 2019-ல் ரிசாட்-2பி, 2022-ல் இஓஎஸ்-04. 2025 மே 18 அன்று கிளம்பிய இஓஎஸ்-09 பாதையை எட்டாமலே போனது. 2025 ஜூலை 30 அன்று நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நைசார் போனது. அதற்கு ஆன மொத்தச் செலவு சுமார் 150 கோடி டாலர். 12 மீட்டர் ஆன்டெனா, 12 நாளுக்கு ஒருமுறை அதே இடம். பூமி எங்கே புதைகிறது, காடு எங்கே குறைகிறது, பயிர் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கோள் அது. டிரெய்லரைத் துரத்துவது அதன் வேலையே கிடையாது.

ஸ்ரீஹரிகோட்டா எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான். வானம் தெளிவாக இருந்தால் திருவொற்றியூர் மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கலாம். கீழே சாலையில் லாரி நிற்கும்.

யாருடைய கேள்வி?

ஓடுவது எது என்பது படைத்தளபதியின் கேள்வி. எல்லையில் எதிரியின் வண்டி நகர்ந்தால் ஆபத்து, நின்றால் நிம்மதி. அதனால் அசைவதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் கருவி அவருக்கு வேண்டும். அதில் தப்பே இல்லை.

சாத்தாங்காட்டின் கேள்வி இதற்கு நேர் எதிர். இங்கே ஓடினால் நிம்மதி, நின்றால் நஷ்டம். லாரி முதலாளிக்கு வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது. பெட்டியை நேரத்துக்குத் திருப்பாவிட்டால் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் கட்ட வேண்டும். டிரைவருக்குப் பேட்டா டிரிப் கணக்கில் வந்தால், வரிசையில் நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் வராது. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் அவர் பாடு. நிற்கும் லாரிகளின் சந்தில் நுழைந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், டூவீலரில் வேலைக்குப் போகிறவர்களும் தனிக் கணக்கு.

"இன்னும் நல்ல சாட்டிலைட் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும்" என்று படித்தவர்களே நம்புவதுதான் வருத்தம். கொஞ்சம் யோசித்தால் போதும். நிற்கும் லாரியைப் பற்றிய தகவலுக்குப் பஞ்சமா இருக்கிறது? 2018 ஏப்ரலிலிருந்து சரக்கோடு இ-வே பில் போகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். வண்டியில் ஜிபிஎஸ், டிரைவர் சட்டைப் பையில் போன். போனில் வரைபடத்தைத் திறந்தால் சாலை சிவப்பாகத் தெரிகிறதே, அந்தச் சிவப்பே அங்கே நிற்கிறவர்களின் போன்கள் கொடுத்த தகவல்தான். லாரி நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தன் முறை எப்போது வரும் என்பது மட்டும் டிரைவருக்குத் தெரியாது. தகவல் அவரிடமிருந்து மேலே போகிறது, கீழே திரும்பி வருவதில்லை.

சாலையை அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். அதுவும் வேண்டும்தான். விரைவுச் சாலை, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைச் சாலை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று போட்டு, அது ஆண்டுக்கணக்கில் இழுத்த கதை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாசலில் காத்திருப்பு குறையாமல் சாலையை மட்டும் அகலமாக்கினால், ஒரு வரிசையில் நின்ற லாரி இரண்டு வரிசையில் நிற்கும்.

இதற்கு வேறு ஊரில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் போர்ட் பாட்டனி துறைமுகத்தில் 2011-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள. லாரிக்கு நேரம் ஒதுக்கப்படும். லாரி தாமதமாக வந்தாலோ வராமலே போனாலோ லாரிக்காரர் அபராதம் கட்ட வேண்டும். சொன்ன நேரத்தில் வந்த லாரியை முனையம் காக்க வைத்தால், முனையம் லாரிக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும். விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. காத்திருப்புக்கு ஒரு விலை வைத்து, அதைக் காக்க வைப்பவர் கணக்கில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

வணிகவியல் படிக்கும் எவருக்கும் இது முதல் பாடம். கணக்கில் ஏறாத செலவை யாரும் குறைக்க மாட்டார்கள். ராடார் அசையாததைக் கழித்துவிடுவது போல, இங்கே ஏட்டுக் கணக்கும் காத்திருக்கும் டிரைவரைக் கழித்துவிடுகிறது. கழித்தது ராடாரின் தப்பு இல்லை. ஏட்டுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அப்படியானால் வானத்துக் கண் வேண்டாமா?

வேண்டும். அதனிடம் அதற்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். கடலில் எண்ணெய் படர்ந்தால் சின்ன அலைகள் அடங்கிப்போகும். அந்த இடம் ராடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பில் முதலில் சொன்னார்கள். பிறகு கரையில் ஒதுங்கிய கறுப்புக் குழம்பை ஆட்கள் பக்கெட்டில் அள்ளியதை நாடே பார்த்தது. ஐரோப்பாவின் சென்டினல்-1 கோளின் ராடார் படத்தில் அந்தக் கறை பதிவாகியிருந்தது. அந்தப் படங்கள் இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகையும் வலையையும் கறுப்பாக்கியபோதும், எங்கே வெள்ளம், எங்கே சதுப்பு நிலம் என்று மேகத்துக்கு அடியில் பார்க்கக்கூடியது ராடார்தான். நைசார் படங்களும் எல்லோருக்கும் திறந்தே கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவற்றை எண்ணூர் மீனவருக்குப் புரியும் தமிழில், அவர் கைக்கு வரும்படி, யார் செய்து தரப் போகிறார்கள் என்பது நியாயமான கேள்வி.

வானத்திலிருந்து கேட்க வேண்டியதை வானத்திடம் கேட்கலாம். தரையில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டியதற்கு வானத்தைக் காட்டக் கூடாது. ஒவ்வொரு துறைமுக வாசலிலும் லாரி சராசரியாக எத்தனை மணி நேரம் நின்றது என்று மாதம் ஒருமுறை தமிழில் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். டிரைவருக்கு அவர் முறை எப்போது என்று போனில் ஒரு குறுஞ்செய்தி வரட்டும். காக்க வைத்தவர் காசு கட்டட்டும். இதற்கெல்லாம் ராக்கெட் தேவையில்லை.

அடுத்த முறை வரிசையில் நிற்கும் டிரெய்லரைத் தாண்டிப் போகும்போது, டிரைவர் அண்ணனிடம் எத்தனை மணிக்கு வந்து நின்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உலகத்தின் எந்தச் செயற்கைக்கோளும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.